நானா அஸ்மாஉ: ஊர் ஊராக ஆசிரியைகளை அனுப்பிய சொகோட்டோவின் அறிஞை

ஆபிரிக்காவின் சமூக, பொருளாதார முன்னேற்றத்தில் கல்வி வகித்த பங்கைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைகளில் இருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். ஐரோப்பியர் வந்திறங்கும் வரை அக்கண்டத்தில் எழுத்தும் இல்லை, ஏடும் இல்லை, பெண்களுக்குப் படிப்பு என்ற பேச்சே இல்லை என்பது போன்ற ஒரு தோற்றம் அதனால் உருவாகிவிட்டது. முஸ்லிம்களாகிய எம்மில் பலரும் அதை அப்படியே நம்பி வந்திருக்கிறோம். மறுபக்கத்தில், முஸ்லிம் பெண்ணுக்குக் கல்வி தேவையில்லை என்று மார்க்கத்தின் பெயரால் வாதிடுபவர்களும் அதே ஆபிரிக்க மண்ணில் இருந்துகொண்டுதான் பேசுகிறார்கள். இவ்விரு சாராருக்கும் ஒரே நேரத்தில் பதிலாக அமைவது, இன்றைய வட நைஜீரியாவில் 1793 முதல் 1864 வரை வாழ்ந்த நானா அஸ்மாஉ (ரஹ்) அவர்களின் வாழ்க்கை.

எமது பேச்சு வழக்கில் நானா என்றால் மூத்த சகோதரன். அஸ்மாஉ வாழ்ந்த பகுதியிலோ அது கண்ணியத்திற்குரிய பெண்மணி ஒருவரின் பெயருக்கு முன்னால் சேர்க்கப்படும் சொல். அவரது பெயர் அஸ்மாஉ. மேற்கு ஆபிரிக்காவின் மாபெரும் சீர்திருத்தவாதியும் சொகோட்டோ கிலாபத்தின் ஸ்தாபகருமான ஷெய்ஹு உஸ்மான் தன் போடியோ (1754–1817) அவர்களின் மகள் அவர். ஹஸன் என்ற சகோதரனுடன் இரட்டையராகப் பிறந்தார். அப்பகுதி வழக்கப்படி அவருக்கு ஹுஸைனா என்று பெயரிட்டிருக்க வேண்டும். ஆனால் தந்தை அஸ்மாஉ என்று பெயர் வைத்தார். ஹிஜ்ரத்தின் போது நபி (ஸல்) அவர்களுக்கும் தன் தந்தைக்கும் இரகசியமாக உணவு கொண்டு சென்ற அபூபக்ர் (ரழி) அவர்களின் மகள் அஸ்மா (ரழி) அவர்களின் பெயர் அது. பதினொரு ஆண்டுகளில் அந்தக் குடும்பமும் ஒரு ஹிஜ்ரத்தைச் செய்ய நேர்ந்தது.

கற்றவர்களின் வீடு

டெகெல் என்ற சிற்றூரில் இருந்த ஷெய்ஹுவின் வீடு ஒரு கலாபீடம் போன்றது. ஆண்களும் பெண்களும் படித்த புலானிக் குடும்பம் அது. பாட்டிமார், தாய்மார், சகோதரிகள் எனப் பல தலைமுறைப் பெண்கள் அங்கே கற்பவர்களாகவும் கற்பிப்பவர்களாகவும் இருந்தனர். அஸ்மாஉ சிறு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்தார். அரபு, புல்ஃபுல்டே, ஹவுஸா, துவாரெக் மக்களின் தமாஷெக் ஆகிய நான்கு மொழிகளில் தேர்ச்சி பெற்றார். அவருடைய சகோதரி கதீஜா, மாலிக் மத்ஹபின் பிரசித்தி பெற்ற சட்ட நூலான முக்தஸர் கலீலைத் தன் தாய்மொழியில் தந்தவர்.

இது அக்காலத்து அப்பகுதியின் பொது நிலை அல்ல. சுற்றியிருந்த ஹவுஸா நாடுகளில் படித்த உலமாக்கள் பலர் இருந்தனர். ஆயினும் அவர்கள் தம் மனைவியரையும் பிள்ளைகளையும் அறியாமையிலேயே விட்டுவைத்தனர். ஷெய்ஹு தன் நூல்களில் இவர்களைக் கடுமையாகச் சாடினார். மனைவியைப் பாவித்து உடைந்ததும் எறிந்துவிடும் பாத்திரம் போல நடத்துகிறார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. அடிப்படைக் கடமைகளைக் கற்பது ஆண், பெண் இருவர் மீதும் ஃபர்ளு ஐன். கணவன் கற்றுக்கொடுக்காவிட்டால் அதைத் தேடி வெளியே செல்லும் உரிமை மனைவிக்கு உண்டு என்பது அவரது நிலைப்பாடு. அவரது பயான்களுக்குப் பெண்களும் வந்தார்கள். இதைக் கண்டித்த அறிஞர்களும் இருந்தனர். அவர்களுக்கு ஷெய்ஹுவின் தம்பி அப்துல்லாஹ் எழுத்திலேயே பதில் கொடுத்தார்.

கோபிர் மன்னர்களுக்கு இந்தப் பிரசாரம் அச்சத்தை ஊட்டியது. பரம்பரையாக முஸ்லிமாக இருப்பவர் தவிர வேறெவரும் இஸ்லாத்தைப் பின்பற்றக் கூடாது, ஆண்கள் தலைப்பாகையும் பெண்கள் முக்காடும் அணியக் கூடாது என மன்னர் நஃபாதா தடை விதித்தார். அவருக்குப் பின் வந்த யுன்ஃபாவின் காலத்தில் மோதல் முற்றியது. 1804 பெப்ரவரியில் ஷெய்ஹுவும் அவரைப் பின்பற்றியோரும் டெகெலை விட்டு குதூ என்ற இடத்திற்கு ஹிஜ்ரத் செய்தனர்.

நான்காண்டுப் போரின் பாடம்

அதன் பின்னர் 1808 வரை போர். பத்து வயதைத் தாண்டியிருந்த அஸ்மாஉ, கூடாரங்களுக்கும் பசிக்கும் நோய்க்கும் நடுவே வளர்ந்தார். 1804 டிசம்பரில் சுன்துவாவில் ஏற்பட்ட தோல்வியில் ஷெய்ஹுவின் தரப்பில் சுமார் 2000 பேர் கொல்லப்பட்டதாகவும் அவர்களில் 200 பேர் அளவில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் எனவும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. ஒரு போர்க்களத்தில் ஒரு சமூகத்தின் ஆசிரியர்களில் பெரும் பகுதியினர் மடிந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு யார் கற்றுக்கொடுப்பது? போர் முடிந்து கோபிரின் தலைநகர் அல்கலாவா வீழ்ந்த பிறகும் இந்தக் கேள்வி அப்படியே இருந்தது.

1807 அளவில் அஸ்மாஉவுக்கும் கிடாடோ என்பவருக்கும் திருமணம் நடந்தது. கிடாடோ, அஸ்மாஉவின் சகோதரர் முஹம்மத் பெல்லோவின் உற்ற நண்பர். 1809 இல் சொகோட்டோ நகரம் அமைக்கப்பட்டு, 1817 இல் ஷெய்ஹு வபாத்தானதும் பெல்லோ ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். கிடாடோ அவரது வஸீர் ஆனார். ஸ்கொட்லாந்துப் பயணி ஹியூ கிளாப்பர்டன் 1824 இல் சொகோட்டோ வந்தபோது அவரை உபசரித்தவர் இந்த கிடாடோதான்.

ஆக, அஸ்மாஉ ஆட்சியாளரின் சகோதரி, வஸீரின் மனைவி. வசதியான வீட்டுக்குள் அமைதியாக வாழ்ந்து மறைந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கணவரோடு சேர்ந்து தந்தையின் வரலாற்றையும் எழுத்துகளையும் பாதுகாக்கும் பணியில் இறங்கினார். பெல்லோ ஒரு படையெடுப்புக்குப் புறப்பட்டபோது, கஷ்டத்துடனேயே இலகும் இருக்கிறது என்ற குர்ஆனியக் கருத்தை வைத்துக் கவிதை ஒன்று யாத்து அனுப்பினார். வீட்டையும் பிள்ளைகளையும் நிர்வகித்தபடியே எழுதினார், கற்பித்தார். அவரது எழுத்துகளில் அறுபதுக்கும் மேற்பட்டவை இன்றும் கிடைக்கின்றன.

வென்ற நாட்டின் பெண்கள்

போரில் வெல்வது ஒரு விடயம். வென்ற பிறகு ஒரு சமூகத்தைக் கட்டியெழுப்புவது வேறு விடயம். புதிய கிலாபத்தின் கீழ் வந்த ஹவுஸாக் கிராமங்களில் பெரும்பாலான பெண்களுக்கு இஸ்லாம் பெயரளவில்தான் தெரியும். போரி என்ற ஆவி வழிபாட்டு மரபு அவர்களிடையே வேரூன்றியிருந்தது. நோய் வந்தாலும் பிள்ளையில்லாவிட்டாலும் அவர்கள் அங்கேயே சென்றனர். போரில் சிறைப்பட்டு, கணவனையும் ஊரையும் இழந்து சொகோட்டோ வீடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட பெண்களும் ஏராளம். தோற்கடிக்கப்பட்ட மக்களின் பெண்கள் வென்றவர்களின் மொழியையே அறியாமல் இருந்தனர்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சொகோட்டோ கிலாபத்தில் அடிமை முறை இருந்தது. அதன் விவசாயத்திலும் வீடுகளிலும் அடிமைகளின் உழைப்பு பெரும் பங்கு வகித்தது. அஸ்மாஉவின் வீடும் அந்தச் சமூகத்துக்குள் இருந்த ஒரு வீடுதான். அவரை இந்தக் காலத்தின் அளவுகோலால் மட்டும் அளந்து ஒதுக்குவதும் தவறு. அந்த உண்மையைத் தவிர்த்துவிட்டுப் புகழ் பாடுவதும் தவறு. அந்தச் சூழலில் மற்றவர்கள் கைப்பொருளாகப் பார்த்த பெண்களை அவர் மாணவிகளாகப் பார்த்தார் என்பதுதான் அவரது வாழ்க்கையின் சிறப்பு.

அவர்களுக்குக் கற்பிக்கத் தன் குடும்பத்தின் மொழி போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். அறிஞர்களுக்கு அரபிலும், தன் இனத்தாருக்குப் புல்ஃபுல்டேயிலும் எழுதிய அவர், சாதாரணப் பெண்களுக்காக ஹவுஸாவில் எழுதினார். ஹவுஸாவையும் புல்ஃபுல்டேயையும் அரபு எழுத்தில் எழுதும் முறைக்கு அஜமி என்று பெயர். அரபுத் தமிழில் முனாஜாத்துகளையும் மாலைகளையும் ஓதி வளர்ந்த தலைமுறையினருக்கு இதைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. மார்க்கம் அரபில் இருந்தது. மக்களின் உள்ளம் தாய்மொழியில் இருந்தது. இரண்டையும் அந்த எழுத்து இணைத்தது.

அவரது பாடநூல் கவிதைதான். வாசிக்கத் தெரியாத பெண்ணும் கேட்டு மனனம் செய்துகொள்ளலாம். தானியம் இடிக்கும்போதும் நூல் நூற்கும்போதும் பாடிக்கொள்ளலாம். குர்ஆனின் எல்லா சூராக்களின் பெயர்களையும் நினைவில் வைப்பதற்காக ஒரு கவிதை யாத்து, அதைப் பின்னர் வேறு மொழிகளிலும் தந்தார். தொழுகை, நோன்பு, ஸகாத், மறுமை, நபி (ஸல்) அவர்களின் வரலாறு, தந்தையின் ஹிஜ்ரத் என ஒவ்வொன்றும் ஒரு பாடமானது. 1837 இல் எழுதிய ஒரு கவிதையில் ராபிஅதுல் அதவிய்யா போன்ற ஆரம்ப கால ஸாலிஹான பெண்களின் வரிசையிலேயே தன் ஊரில் வாழ்ந்த பெண்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தார். உன் ஊர்ப் பெண்ணும் அந்த வரிசையில் நிற்க முடியும் என்ற செய்தி அதில் இருந்தது.

யன் தாரு

1830 அளவில் அவர் உருவாக்கிய அமைப்புத்தான் யன் தாரு. ஒன்றுகூடுபவர்கள் என்பது அதன் பொருள். அதன் செயல்முறை மிக எளிமையானது. இன்று கல்வித் திட்டங்களை வகுப்பவர்களும் படிக்க வேண்டியது.

குழந்தைகளும் குடும்பப் பொறுப்பும் உள்ள இளம் தாய்மார் ஊரை விட்டு வர முடியாது. எனவே அவர்களை வரச் சொல்லவில்லை. பிள்ளை பெறும் வயதைக் கடந்த பெண்களும், திருமண வயதை எட்டாத சிறுமிகளும் குழுக்களாகச் சேர்ந்து தொலைதூரக் கிராமங்களில் இருந்து சொகோட்டோவுக்கு நடந்து வந்தனர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவி. அவருக்கு ஜாஜி என்று பெயர். வணிகக் கூட்டங்களுக்கு வழிகாட்டிச் செல்பவரைக் குறிக்கும் சொல் அது. வந்தவர்கள் அஸ்மாஉவிடம் பாடம் கேட்டனர், கவிதைகளை மனனம் செய்தனர், சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டனர். ஊர் திரும்பியதும் வீட்டில் இருந்த பெண்களுக்கு அதைக் கற்பித்தனர். மாணவி பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி மாணவியின் வீட்டுக்குப் போகட்டும் என்பதே இதன் அடிப்படை.

ஒவ்வொரு ஜாஜிக்கும் அஸ்மாஉ ஒரு தொப்பியைக் கொடுத்தார். நாரினால் முடைந்த, அகன்ற விளிம்புடைய மல்ஃபா என்ற தொப்பி அது. அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார். சாதாரணமாகப் பார்த்தால் அது வெயிலுக்கான தொப்பி. ஆனால் கோபிரில் இன்னா என்று அழைக்கப்பட்ட போரித் தலைவியின் அதிகாரச் சின்னமாக இருந்ததும் இதே மல்ஃபாதான். அஸ்மாஉ அந்தத் தொப்பியை எரிக்கச் சொல்லவில்லை. அதைப் பழித்து எழுதிக்கொண்டிருக்கவும் இல்லை. அதை எடுத்துத் தன் ஆசிரியைகளின் தலையில் வைத்தார். மக்கள் எந்தச் சின்னத்தைக் கண்டு ஒதுங்கி வழிவிட்டார்களோ, அந்தச் சின்னத்தை அணிந்துகொண்டு இப்போது வந்தது கல்வி. தஃவாப் பணியில் ஹிக்மத் என்று நாம் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தேடுவது கடினம்.

இந்தக் கல்வி மறுமைக்கானது மட்டும்தானா? யன் தாரு பெண்கள் சொகோட்டோவுக்கு வரும்போது தேன், தானியம், வெண்ணெய், துணி என்று தங்களிடம் இருந்ததைக் கொண்டு வந்தனர். அவை தேவையுள்ளவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இவ்வாறு ஒரு கல்வி வலையமைப்பு உதவி வலையமைப்பாகவும் இயங்கியது. தூரத்துக் கிராமத்தில் விதவை ஒருத்தி பட்டினி கிடந்தால் அந்தச் செய்தி சொகோட்டோவை எட்ட ஒரு வழி இருந்தது. அஸ்மாஉ 1839 இல் மருத்துவம் தொடர்பான ஒரு நூலையும் எழுதினார்.

ஹவுஸா நாட்டில் பருத்தி நூற்பது பெண்களின் தொழில். அதில் கிடைத்த வருமானம் அவர்களுக்கே உரியது. கானோவின் நீலச் சாயத் துணிகள் ஸஹாராப் பாலைவனத்தைத் தாண்டிச் சென்று விற்கப்பட்ட காலம் அது. ஜேர்மனியப் பயணி ஹைன்ரிக் பார்த் 1851 இல் கானோவில் அந்தத் துணி வணிகத்தைக் கண்டு வியந்து எழுதினார். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, வீட்டில் அமர்ந்து நூல் நூற்ற பெண். மஹர் யாருக்கு உரியது, வாரிசுச் சொத்தில் தன் பங்கு எவ்வளவு, தன் உழைப்பின் பயன் யாருக்கு என்பதை அறிந்த பெண்ணுக்கும் அறியாத பெண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம் வெறும் மார்க்க அறிவு பற்றிய வித்தியாசம் அல்ல. அது அவளுடைய வயிற்றுப்பாடு பற்றியது. அவள் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றியது.

இறுதிக் காலம்

1837 இல் பெல்லோ வபாத்தானார். அஸ்மாஉவுக்கு அவர் சகோதரர் மட்டுமல்ல. அறிவுத் துறையில் உற்ற தோழரும் கூட. அந்தத் துயரத்தை அவர் இரங்கற்பாக்களில் கொட்டினார். 1842 இல் கிடாடோ வஸீர் பதவியை விட்டு ஒதுங்க, அவர்களின் மகன் அப்துல் காதிர் அப்பொறுப்பை ஏற்றார். பின்னர் கணவருக்கும் அஸ்மாஉ இரங்கற்பா எழுத நேர்ந்தது. ஆட்சியாளர்கள் மாறினார்கள். யன் தாருவின் பெண்கள் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தார்கள். அவரது புகழ் சொகோட்டோவோடு நிற்கவில்லை. மொரிட்டானியாவைச் சேர்ந்த ஓர் அறிஞரை வரவேற்று அவர் எழுதிய கவிதை ஒன்று இன்றும் இருக்கிறது. எல்லைக்கு அப்பாலிருந்த உலமாக்களோடும் அவர் அறிவுத் தொடர்பில் இருந்தார் என்பதற்கு அது சாட்சி.

1864 இல் எழுபது வயதைக் கடந்த நிலையில் அஸ்மாஉ வபாத்தானார். அவரது பணியைச் சகோதரி மர்யம் ஏற்று நடத்தினார். ஒரு தலைவர் மறைந்ததும் அவரோடு சேர்ந்து அமைப்பும் மறைந்துவிடுவதுதான் எமது சமூகங்களில் வழமை. இங்கே அப்படி நடக்கவில்லை. ஏனெனில் அஸ்மாஉ மாணவிகளை மட்டும் உருவாக்கவில்லை, ஆசிரியைகளையும் உருவாக்கியிருந்தார்.

பின்னர் நடந்தது

1903 இல் பிரித்தானியப் படை சொகோட்டோவைக் கைப்பற்றியது. புதிய ஆட்சியின் அலுவலகங்களில் ஆங்கிலமும் ரோமன் எழுத்தும் வந்து அமர்ந்தன. அஜமியில் எழுதவும் வாசிக்கவும் தெரிந்தவர் புதிய கணக்கில் படிப்பறிவற்றவர் ஆனார். தெற்கில் மிஷனரிப் பாடசாலைகள் பெருகின. முஸ்லிம் வடக்கில் மிஷனரிகள் மட்டுப்படுத்தப்பட்டனர்; அவர்களுக்குப் பதிலாக அரசு போதிய பாடசாலைகளைத் திறக்கவும் இல்லை. மதமாற்றத்துக்கு அஞ்சிய பெற்றோர் இருந்த சில பாடசாலைகளையும் சந்தேகத்தோடு பார்த்தனர். இடைவெளி தலைமுறை தலைமுறையாக விரிந்தது. தெற்கின் பெண்கள் 1950களிலேயே வாக்களித்தார்கள். வடக்கின் பெண்கள் 1979 தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2014 ஏப்ரல் 14 ஆம் திகதி இரவு, அதே வட நைஜீரியாவின் சிபொக் நகரில் பரீட்சைக்காகத் தங்கியிருந்த 276 மாணவிகளைப் போகோ ஹராம் கடத்திச் சென்றது. மார்க்கத்தின் பெயராலேயே அதைச் செய்தார்கள். நைஜீரியாவில் பாடசாலை செல்லாத பிள்ளைகளின் எண்ணிக்கை சுமார் இரண்டு கோடி என 2022 இல் யுனெஸ்கோ மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலானோர் வடக்கில் உள்ளவர்கள். அந்த மண்ணில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு முஜாஹிதின் மகள், பெண்களுக்குக் கற்பிப்பதையே ஜிஹாதின் தொடர்ச்சியாகக் கருதி வாழ்ந்தார் என்பதைக் கடத்தியவர்கள் மறந்திருந்தார்கள். அல்லது மறைத்தார்கள்.

அஸ்மாஉவின் கையெழுத்துப் பிரதிகள் சொகோட்டோவில் வஸீர் குடும்பத்தின் பாதுகாப்பில் இருந்து வந்தன. அக்குடும்பத்தின் வழித்தோன்றலும் அறிஞருமான வஸீர் ஜுனைத் அவர்களின் உதவியோடு, வட நைஜீரியாவில் ஆசிரியையாகப் பணியாற்றிய ஜீன் பொய்ட் அவற்றை ஆராய்ந்து 1989 இல் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். பெவர்லி மக் என்பவரோடு இணைந்து 1997 இல் முழுத் தொகுப்பையும் கொண்டுவந்தார். இன்று நைஜீரியாவில் பல பெண்கள் பாடசாலைகளும் அமைப்புகளும் அஸ்மாஉவின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அமெரிக்க முஸ்லிம் பெண்கள் சிலர் யன் தாருவைத் தங்கள் ஊர்களில் மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள்.

பெண் கல்வி பற்றிப் பேசும்போது எமது சமூகத்தில் இன்னும் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சிக்கு அது மேற்கிலிருந்து வந்த நவீனம். மறு கட்சிக்கு அது மார்க்கத்துக்கு ஆபத்து. இரண்டும் ஒரே பிழையான இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன. அஸ்மாஉ எந்த மேற்கத்தியப் பாடசாலைக்கும் போனவர் அல்ல. அவர் மார்க்கத்தை விட்டு ஓர் அடியும் விலகியவரும் அல்ல. குர்ஆனை நெஞ்சில் சுமந்த ஒரு ஹாபிழா, வீட்டை விட்டு வர முடியாத பெண்ணைத் தேடி ஆசிரியையை அனுப்பினார்.

எமது ஊர்களிலும் வீட்டை விட்டு வர முடியாத பெண்கள் இருக்கிறார்கள். இடையில் படிப்பை விட்ட மகள்மார், தன் பெயரில் உள்ள காணி உறுதியை வாசிக்க முடியாத உம்மாமார், கணவன் மௌத்தான பின் தனக்குரிய பங்கு எதுவென்று கேட்கத் தெரியாத விதவைகள். அவர்களைப் பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் வரச் சொல்லி அறிவித்தல் கொடுப்பதோடு எமது கடமை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். அவர்களின் வாசலுக்கு நடந்து போகும் ஜாஜிகளை நாம் எப்போது உருவாக்கப் போகிறோம்?

அந்த அறிஞையின் பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொண்டு, அவரது கப்ரை ஒளிமயமாக்கி வைப்பானாக.